தாத்தா கையில் ரிமோட்... டி.வி-யில் ஸ்டாலின்கிராட்!

எங்கள் வீட்டில் தினமும் இரண்டு போர்கள் நடக்கும். இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை மாமியார், மருமகள் போர். அது அப்பாயியின் சீரியல் நேரம். ஒன்பதரைக்கு ரிமோட் தாத்தா கைக்கு மாறும். அடுத்த நிமிஷமே ரஷ்யப் பனியில் ஜெர்மன் டாங்கிகள் உறுமிக்கொண்டு வரும். ‘ஹிட்லரின் கணக்கு தப்பியது இங்கேதான்’ என்று கணீர்க் குரலில் ஒருவர் சுத்தத் தமிழில் ஆரம்பிப்பார்.

வெற்றிலையை மடித்தபடி அப்பாயி தினமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “இந்த ஹிட்லர எத்தன தடவதான் சாவடிப்பாங்க? நேத்தே செத்துட்டான்ல?”

தாத்தாவிடமும் பதில் தயாராக இருக்கும். “ஒன் சீரியல்ல அந்த மாமியாக்காரி எத்தன தடவ செத்துப் பொழச்சா? அதுக்கு இது பரவால்ல.”

போன வாரம் இந்தப் பகுதியில் சமையல் போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அப்பா போன் செய்தார். “ஒங்க தாத்தாவுக்கு ஒரே கோவம். ‘வெங்காயம் நறுக்குறதையெல்லாம் எழுதுறா, நான் பாக்குறத எழுத மாட்டேங்குறா’ன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு” என்றார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இந்தக் கோபத்தைத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரத்தநாட்டுப் பக்கம் புது ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் கிராமம் எங்களுடையது. ஐந்து நாள் லீவு. ஐந்து இரவும் தாத்தாவோடு உட்கார்ந்து போர் பார்த்தேன்.

டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு நாளைக்கு இருபது செய்தி தட்டுகிற எனக்கு, அந்த ஐந்து ராத்திரியில் கிடைத்த செய்தி பெரியது. அதற்கு வருவதற்கு முன், இந்தப் படங்களை ஏன் இவ்வளவு பேர் ரசிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

அம்புக்குறி போட்ட வரைபடம்

போர் ஆவணப்படம் பார்ப்பவர்கள் ரத்தவெறி பிடித்தவர்கள் என்று நினைத்தால் தப்பு. எங்கள் தாத்தா கோழி அறுக்கும்போதுகூடக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அவருக்குப் பிடித்தது வரைபடம். சிவப்பு அம்புக்குறி இந்தப் பக்கம் நகரும், நீல அம்புக்குறி அந்தப் பக்கம் வளையும். “இப்ப பாரு, இவன் வளைக்கப் போறான்” என்று முன்கூட்டியே சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். இருக்காதா பின்னே, அதே படத்தை நான்காவது தடவை பார்க்கிறார்!

முடிவு தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. விடிய விடியக் கூத்து பார்த்த ஊர் இது. துரியோதனன் விழுவான் என்று தெரிந்தேதான் போய் உட்காருவார்கள். எப்படி விழுகிறான், எந்த இடத்தில் தப்பு செய்தான் என்பதில்தான் சுவாரஸ்யம்.

இந்த வகைப் படங்களில் இன்றுவரை உச்சமாகச் சொல்லப்படுவது ‘தி வேர்ல்ட் அட் வார்’. பிரிட்டனில் 1973-ல் ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர். மொத்தம் 26 பகுதிகள், பின்னணிக் குரல் நடிகர் லாரன்ஸ் ஆலிவியர். அதன் முதல் காட்சியில் தளபதிகளோ டாங்கிகளோ இருக்காது. ஆள் இல்லாத ஒரு கிராமத்துத் தெருதான் இருக்கும். பிரான்ஸில் உள்ள ஒரதூர் என்ற ஊர் அது. 1944 ஜூன் 10-ம் தேதி ஜெர்மன் படை அந்த ஊரில் 600 பேருக்கும் மேல் கொன்று, வீடுகளைக் கொளுத்தியது. எரிந்த ஊரை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். 26 பகுதித் தொடரை அந்த வெறும் தெருவிலிருந்து தொடங்கியவர்களுக்கு, போரை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

தாத்தாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் உண்டு. அந்தக் காலத்துப் போர்க்களப் படச்சுருள்களில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் எடுக்கப்பட்டவை. இன்று நாம் கேட்கும் குண்டுச் சத்தம், டாங்கி உறுமல் எல்லாம் பிறகு சேர்த்தவை. “அப்ப அந்த டுமீலு?” என்று கேட்டார். “ஸ்டுடியோவுல போட்டது தாத்தா” என்றேன். இரண்டு நிமிஷம் பேசவே இல்லை.

காட்சிகளிலும் அப்படித்தான். முதல் உலகப் போரின்போது 1916-ல் ‘தி பேட்டில் ஆஃப் தி சோம்’ என்ற படம் பிரிட்டன் தியேட்டர்களில் ஓடியது. ஆறு வாரங்களில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு. பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறிப் பாய்வதும், ஒருவர் சரிந்து விழுவதும் அதில் மிகப் பிரபலமான காட்சி. அது போர்க்களத்தில் எடுத்தது இல்லை, பயிற்சி இடத்தில் நடித்துக் காட்டியது என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். படத்தின் மற்ற பகுதிகள் உண்மையானவை. அதனால், திரையில் தெரிவது எல்லாம் பொய்யும் இல்லை, எல்லாம் மெய்யும் இல்லை. நெல்லில் பதர் பார்ப்பதுபோல முறத்தில் போட்டுப் புடைக்கத்தான் வேண்டும்.

“சோத்துக்கு என்ன பண்ணுனான்?”

இரண்டாம் நாள் இரவு ஸ்டாலின்கிராட். 1942 நவம்பரில் ஜெர்மனியின் ஆறாவது படையை ரஷ்யர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். உள்ளே இரண்டரை லட்சம் பேருக்கு மேல். நான் டாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா கேட்டார்:

“இத்தன பேரு உள்ள மாட்டிக்கிட்டானுவளே, சோத்துக்கு என்ன பண்ணுனான்?”

விமானத்தில் கொண்டுவந்து போடுவதாக ஹிட்லரிடம் கோரிங் வாக்குக் கொடுத்திருந்தார். உணவு, எரிபொருள், குண்டுகள் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 300 டன் வேண்டும். சராசரியாக அதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. 1943 பிப்ரவரி 2-ம் தேதி மிச்சமிருந்தவர்களும் சரணடைந்தார்கள்.

தாத்தா உடனே கணக்குப் போட்டார். “நம்ம கொள்முதல் நெலயத்துல மூட்ட நாப்பது கிலோ. முன்னூறு டன்னுன்னா ஏழாயிரத்து ஐநூறு மூட்ட. தெனம் ஏழாயிரத்து ஐநூறு மூட்டய ஆகாயத்துலேந்து எறக்குறேன்னானா அவன்? இஞ்ச லாரி வெச்சுக்கிட்டே மழைக்கு முன்னாடி எடுக்க முடியல!”

சிரித்துவிட்டேன். சம்பா அறுவடை ஆரம்பித்திருந்த நேரம். களத்தில் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்து லாரிக்குக் காத்திருப்பது எங்கள் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. அதைத் தெரிந்தவருக்கு ஸ்டாலின்கிராட் வேறு மாதிரிப் புரிகிறது.

அதிலிருந்து எல்லாப் படத்திலும் தாத்தாவின் கேள்வியைத்தான் நானும் கேட்க ஆரம்பித்தேன். அடுத்த இரவு இம்பால். 1944 மார்ச்சில் பர்மாவிலிருந்து மலைகளைத் தாண்டி ஜப்பானியப் படை இந்தியாவுக்குள் நுழைகிறது. கூடவே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சியின் திட்டப்படி, வீரர்களிடம் மூன்று வாரத்துக்கான உணவுதான். அதற்குள் இம்பாலைப் பிடித்து அங்கிருக்கும் பிரிட்டிஷ் கிடங்குகளில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். கூட்டிக்கொண்டு போன மாடுகளில் பல சிந்துவின் ஆற்றைக் கடக்கும்போதே செத்துப்போயின. ஜூலையில் பின்வாங்க வேண்டியதாயிற்று. குண்டடி பட்டுச் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்களே அதிகம்.

“மூணு வாரச் சோத்த வெச்சுக்கிட்டு மூணு மாசச் சண்டைக்குப் போனானா? நாத்து விடாம நடவுக்கு ஆளு சொன்ன கதைதான்” என்றார் தாத்தா. எந்த ராணுவக் கல்லூரிப் பேராசிரியரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

நெல்லுக்கு வந்த படைகள்

மறுநாள் காலை வரப்பில் நடந்துகொண்டிருந்தோம். காது அடைக்கிற சத்தத்தோடு தலைக்கு மேல் சுகோய் ஒன்று போனது. தாத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தஞ்சாவூர் விமானதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பயன்பட்டது. 2013-ல் அது முழு அளவிலான விமானப்படை நிலையமானது. 2020 ஜனவரியில் சுகோய்-30 விமானங்களுடன் 222-வது படைப்பிரிவு இங்கே வந்து சேர்ந்தது. தென்னிந்தியாவில் சுகோய்கள் நிலைகொண்ட முதல் படைப்பிரிவு அதுதான். எங்கள் ஊர்க் கொக்குகளுக்கே இப்போது அந்தச் சத்தம் பழகிவிட்டது.

“தாத்தா, நம்ம ஊருல சண்ட நடந்துருக்கா?” என்று கேட்டேன்.

“வயலு இருக்குற ஊருக்கு வராம எந்தப் பட வேற எங்க போவும்?” என்றார்.

சென்னைக்குத் திரும்பியதும் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டிப் பணம் கேட்டுத் தஞ்சாவூர் மேல் படையெடுத்தார். வரும் வழியில் நாகூரிலும் கீழ்வேளூரிலும் கொள்ளை. கோட்டையை முற்றுகை போட்டார். ஆனால், நெல் விளையும் ஊரின் நடுவே நின்றுகொண்டு அவருடைய படை சாப்பாட்டுக்குத் தவித்தது. பணமும் இல்லை, வெடிமருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம் முற்றுகையை விட்டுவிட்டுத் திரும்பினார்.

அடுத்து 1781-ல் ஹைதர் அலியின் படை. மறு ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம் கொள்ளிடக்கரையில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் ஆங்கிலப் படையைத் திப்பு வளைத்துத் தோற்கடித்தார். புத்தகங்களில் இருப்பது இந்தச் சண்டைதான். ஆனால், அந்த ஆண்டுகளில் டெல்டாவின் பெரிய கதை பஞ்சம். மாடுகள் போயின, ஆட்கள் போனார்கள், பாசனம் சீர்குலைந்தது, வயல்கள் தரிசாகக் கிடந்தன.

அப்போது தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ளும் நெல் இல்லை. வெளியில் குடியானவர்களிடம் இருந்தது. ஆனால், கொண்டுவந்து போட யாரும் தயாராக இல்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்கு ஒழுங்காகக் காசு கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். அரசரின் வாக்கும் ஆங்கிலேயர் வாக்கும் செல்லவில்லை. கடைசியில் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார், ‘என் கையாலேயே காசு தருகிறேன்’ என்று ஊர்களுக்குச் சொல்லியனுப்பினார். ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது. இது அவரே எழுதிவைத்த கணக்கு.

இதைத் தாத்தாவிடம் போனில் சொன்னேன். “காசு ஒழுங்காக் குடுத்தா எவன் வர மாட்டேங்குறான்?” என்றார். 240 வருஷம் ஆகியும் அந்த விஷயம் மாறவில்லை.

கடற்கரையில் ஒரு கோபுரம்

அந்த ஷ்வார்ட்ஸிடம் படித்து வளர்ந்தவர்தான் இரண்டாம் சரபோஜி மன்னர். பட்டுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், மல்லிப்பட்டினம் பக்கம் கடற்கரையில் அவர் கட்டிய மனோராவைப் பார்த்திருப்பீர்கள். அறுகோண வடிவில் அடுக்கடுக்காக எழும் கோபுரம். சின்ன வயதில் டூருக்குப் போனபோது எங்கள் கண்ணில் பட்டது உச்சியில் அடித்த காற்றும், கீழே விற்ற மாங்காயும்தான். அது எதற்காகக் கட்டியது என்று யாரும் கேட்கவில்லை.

நெப்போலியன் வீழ்ந்ததற்காக! ஆங்கிலேயப் படைகளின் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர்ந்து எழுப்பியதாக அங்கே கல்வெட்டு சொல்கிறது. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால், கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1814. வாட்டர்லூ சண்டை நடந்தது 1815 ஜூன் 18-ல். 1814 ஏப்ரலில் நெப்போலியன் முதல்முறை முடி துறந்து எல்பா தீவுக்குப் போனார். அந்த ஆண்டோடு பொருந்துவது அந்த வீழ்ச்சிதான்.

யோசித்துப் பாருங்கள். அதிகாரமெல்லாம் கம்பெனி கைக்குப் போய், கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு மன்னர். ஐரோப்பாவில், அவர் போகாத நாட்டில், அவருடைய ஆள் ஒருவர்கூட இல்லாத ஒரு போர். அதற்கு நம் மீனவர் ஊரில் ஒரு கோபுரம். 2004 சுனாமியில் சேதமடைந்து, பிறகு பழுதுபார்த்து இன்றும் நிற்கிறது. தூரத்துப் போரை ரசிப்பதில் தஞ்சாவூர்க்காரர்களுக்கு 200 வருஷப் பாரம்பரியம் உண்டு என்று தாத்தாவைக் கேலி செய்யத்தான் இதையெல்லாம் எடுத்துவைத்திருந்தேன்.

ஆனால், பொங்கல் லீவின் கடைசி இரவு பார்த்ததை நினைத்தால் கேலி வரவில்லை.

“கொஞ்சம் நிறுத்து பாப்பா”

அன்று டி.வி-யில் தாத்தாவுக்குப் பிடித்ததாக எதுவும் வரவில்லை. என் போனில் ஒரு ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினேன். சயாம் மரண ரயில். சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், மலையையும் காட்டையும் குடைந்து, 1942 ஜூனிலிருந்து 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர்கள் போட்டு முடித்த ரயில் பாதை. வழக்கமாகப் படத்தோடு பேசிக்கொண்டே பார்க்கும் தாத்தா அன்று வாய் திறக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

ஒரு இடத்தில் மூன்று, நான்கு விநாடிதான் இருக்கும். இடுப்பில் துணி மட்டும் கட்டிய மெலிந்த ஆட்கள், கூடையில் மண் சுமந்துகொண்டு வரிசையாகப் போகிறார்கள்.

“கொஞ்சம் நிறுத்து பாப்பா.”

நிறுத்தினேன். “பெருசு பண்ணு” என்றார். விரலால் பெரிதாக்கினேன். ஒவ்வொரு முகமாக நகர்த்தச் சொல்லிப் பார்த்தார்.

தாத்தா பிறந்தது 1937-ல். அடுத்த வருஷத் தொடக்கத்தில், கங்காணி ஒருவரோடு அவர் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். மலாயாவில் ரப்பர் தோட்டம். அதே 1938-ல்தான் கூலி வேலைக்கு மலாயா போவதை இந்திய அரசு தடை செய்தது. சில மாதங்கள் தள்ளியிருந்தால் அவர் போயிருக்கவே மாட்டார். மூன்று வருஷம் கடிதமும் பணமும் வந்தன. 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர்கள் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு கடிதம் நின்றது. போர் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கிய பிறகு, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்தார். “ரயிலு போடக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அந்தக் கூட்டத்துல அவரும் போனாரு” என்று அவர் சொன்ன இரண்டு வரிதான் எங்கள் குடும்பத்தில் மிச்சம்.

இது எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால், தாத்தா எதற்காக வருஷக்கணக்காக இந்தப் படங்களைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“ஒங்க அப்பாவத் தேடுறீங்களா தாத்தா?” என்று கேட்டேன்.

“போட்டோ ஒண்ணும் கெடயாது. மூஞ்சி எப்புடி இருக்கும்னே எனக்குத் தெரியாது. இதுல இருந்தாலும் எனக்குத் தெரியப் போறதில்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அதான் எல்லாரயும் பாத்துக்குறது” என்றார்.

அப்பாயி அன்றைக்கு ஹிட்லரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தாத்தாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

கல்லறையில் பெயர்

அந்த ரயில் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் இருக்கின்றன. புல் வெட்டி, பூச்செடி வைத்து இன்றுவரை பராமரிக்கிறார்கள். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் இருக்கிறது. இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது.

அவர்களோடு வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று சுமார் 2 லட்சம் பேர் இருக்கலாம் என்பதும், இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பதும் மதிப்பீடுகள்தான். ஆளுக்கு ஆள் எண் மாறும். ஏனென்றால், அவர்களின் பெயரை யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. ராணுவத்தில் ஒரு சிப்பாய்க்கு எண் உண்டு, பதிவேடு உண்டு, தேடுவதற்கு ஒரு அரசாங்கம் உண்டு. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனவருக்கு எதுவும் இல்லை.

இந்தப் பாதையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ என்ற 1957-ம் வருஷத்துப் படம். ஏழு ஆஸ்கர் வாங்கியது. படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், கித்துல்கலை என்ற ஊரில். நல்ல படம்தான். ஆனால், அந்தப் பாதையில் செத்த தமிழர்களை அதில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அந்தக் கதையைச் சொல்ல நம்மவர்கள்தான் வர வேண்டியிருந்தது. மலேசிய எழுத்தாளர் ஆர்.சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலே எழுதினார். தமிழில் ஆவணப்படமும் வந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில், இறந்த தமிழ்த் தொழிலாளர்களுக்காக நடுகல் நட்டிருக்கிறார்கள். அதன் படத்தைத் தேடி எடுத்துத் தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்பாவிடம் சொல்லி அதை பிரின்ட் போட்டு, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். இத்தனை நாள் தை அமாவாசைக்கு அவர் கும்பிட ஒரு படம்கூட இல்லாமல் இருந்தது.

எங்கோ தோற்ற நெப்போலியனுக்கு நம் கடற்கரையில் கோபுரம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவருக்கு ஒரு நடுகல் கிடைக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இனி பார்க்கும்போது...

அதற்காகப் போர்ப் படங்களைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பாருங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். வரைபடமும் அம்புக்குறியும் நிஜமாகவே சுவாரஸ்யம்தான். கூடவே தாத்தாவின் இரண்டு பழக்கங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ‘சோத்துக்கு என்ன பண்ணுனான்?’ என்று கேளுங்கள். போரின் பாதிக் கதை அந்தக் கேள்வியில் வெளிவந்துவிடும். இன்னொன்று, தளபதிக்குப் பின்னால் மூட்டை தூக்குகிற, மண் சுமக்கிற ஆட்கள் மூன்று விநாடி வந்துபோவார்கள். அங்கே ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள்.

முக்கியமாக, உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால், பர்மா, மலாயா, பினாங்கு, ரங்கூன் என்று பேச்சு வரும்போது போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிடுங்கள். போனவர் பெயர், ஊர், கப்பல் ஏறிய வருஷம், தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். ஒரு பக்கம் போதும். அவர்களுக்கு யாரும் வைக்காத பதிவேடு அது. எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி நான் எழுதிவைத்திருப்பது பதினோரு வரி. பன்னிரண்டாவது வரிக்கு அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர் வேண்டும். தாத்தா யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று இரவு போன் செய்தேன். பின்னால் குண்டுச் சத்தம் கேட்டது.

“என்ன தாத்தா ஓடுது?”

“ஆப்பிரிக்கா. பாலவனத்துல சண்ட. ரோமல் நல்லாத்தான் போனான். பெட்ரோலு தீந்து நிக்கிறான்” என்றவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“ஒங்க அப்பாயியும் பாக்குறா. ‘இவனுவளுக்குத் தண்ணி யாரு கொண்டாந்து குடுக்குறா?’ன்னு கேக்குறா!”